இணையவழிப் பல்கலைக்கழகப் பாடங்கள்: தேடும் வழியும் தெரிந்தெடுக்கும் முறையும்

(பொன்விழாக் கல்விக் கருத்தரங்கில் பங்கு நூலகக் குழுவினர் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேச வேண்டும் என்று எங்களைப் பணித்தபோது சற்றுத் திகைத்தோம். நம் பங்கிலே ஆசிரியப் பெருமக்கள் பலர் இருக்க, நூல்களுக்கு அட்டை போட்டு எண் ஒட்டும் எங்களை ஏன் அழைத்தார்கள் என்று எண்ணினோம். பிறகுதான் காரணம் விளங்கிற்று. கடந்த சில ஆண்டுகளாக நூலக அறையில் இணையவழிப் பாடங்களோடு நாங்கள் பட்ட பாட்டையும், அதில் கண்ட பயனையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்பதே பங்குத்தந்தை அவர்களின் விருப்பம். அப்படியே சொல்ல முயல்கிறோம்.

நம் பங்கு தொடங்கிய காலத்தை நினைவில் கொண்டிருக்கும் பெரியோர்கள் இங்கே பலர் அமர்ந்திருக்கிறீர்கள். அந்நாளில் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க விரும்பியவர்களுக்கு இருந்த வழி அஞ்சல்வழிக் கல்வி ஒன்றுதான். 1962-ல் டெல்லிப் பல்கலைக்கழகம் அதைத் தொடங்கியது. 1979-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் தொடங்கிய பின்னர், தபால்காரர் சைக்கிளில் கொண்டுவரும் கனமான பழுப்பு உறைக்காக நம் தெருவிலும் சிலர் காத்திருந்தார்கள். அந்த உறையைப் பிரித்து, பகல் வேலை முடிந்து இரவில் படித்துப் பட்டம் பெற்ற ஆசிரியைகள் இருவர் இதே அரங்கில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாடம் வந்தது. ஆனால் பாடம் நடத்தும் ஆசிரியரின் முகமோ குரலோ வரவில்லை. இன்று முகமும் குரலும் கைப்பேசிக்குள்ளேயே வருகின்றன. வருவது ஒன்றிரண்டல்ல, ஆயிரக்கணக்கில் வருகின்றன. எதை எடுப்பது, எதை விடுப்பது என்பதுதான் இப்போது நமக்குத் தெரியவில்லை.

இந்தத் தெரியாமை எவ்வளவு விலை கொண்டது என்பதை நாங்கள் ஒரு குடும்பத்தின் வாயிலாக அறிந்தோம். அவர்களுடைய இசைவோடு, பெயர் குறிப்பிடாமல் சொல்கிறோம். தந்தை கடலுக்குப் போகிறவர். மகன் டிப்ளமா முடித்து ஒரு பட்டறையில் வேலை பார்த்து வந்தார். ஒரு நாள் அந்தத் தந்தை நூலகத்திற்கு வந்து ஒரு வண்ணத் துண்டறிக்கையைக் காட்டினார். வீட்டிலிருந்தபடியே இணையவழியில் பொறியியல் பட்டம், ஒரே ஆண்டில், என்று அதில் அச்சிட்டிருந்தது. "இது சரியானதா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டார். எங்களுக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருந்தால்கூடப் போதும். "படிப்புதானே அண்ணே, நல்லதுதானே, சேர்த்து விடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். வலைப் பங்கை விற்றுப் பணம் கட்டினார். மகனுக்கு ஒரு காகிதம் வந்தது. வளைகுடா நாட்டு வேலைக்காக அந்தக் காகிதத்திற்கு அரசுச் சான்றொப்பம் கேட்டபோது, அப்படி ஒரு பட்டமே செல்லாது என்று திருப்பி விட்டார்கள். வேலையும் போயிற்று, பணமும் போயிற்று. அதன் பின்னும் அந்த மனிதர் எங்களைக் கண்டால் முகம் திருப்பவில்லை. அதுதான் எங்களை அதிகம் சுட்டது.

அன்றைக்குத்தான் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினோம். பொறியியல், மருத்துவம், செவிலியர் கல்வி, மருந்தியல், சட்டம் போன்ற பட்டங்களை முழுக்க முழுக்க இணையவழியிலோ தொலைநிலையிலோ நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதிப்பதில்லை என்பதை அப்போதுதான் அறிந்தோம். மற்றப் பட்டங்களையும் எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடத்தில், எந்த ஆண்டில் நடத்த அனுமதி பெற்றிருக்கிறது என்ற பட்டியலை அக்குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. அதைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தை நாங்கள் அந்தத் தந்தைக்குக் கொடுக்கவில்லை.

இனி நல்ல பக்கத்திற்கு வருகிறோம். தேடத் தொடங்குமுன் நம்மை நாமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. நமக்கு வேண்டுவது அறிவா, சான்றிதழா, கல்லூரியில் சேரும் கிரெடிட்டா, பட்டமா? இவை நான்கும் வெவ்வேறு வாசல்கள். ஒன்றில் நுழைந்துவிட்டு மற்றொன்றை எதிர்பார்ப்பதால்தான் பெரும்பாலான ஏமாற்றங்கள் நேருகின்றன.

அறிவு மட்டும் போதும் என்பவருக்கு இக்காலத்தைப் போல ஒரு காலம் இருந்ததில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம், இணையத்தில் பாடம் நடத்தினால் என்ன வருமானம் வரும் என்று ஆராய ஒரு குழுவை அமைத்ததாம். விற்பதைவிட இலவசமாகக் கொடுத்துவிடுவதே மேல் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. (நம் ஊர்க் கமிட்டிகளிலிருந்து இப்படி ஒரு முடிவு வந்ததாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை.) 2001 ஏப்ரலில் அத்திட்டத்தை அறிவித்தார்கள். 2002-ல் 50 பாடங்களோடு தொடங்கிய ஓப்பன் கோர்ஸ்வேர் என்னும் அத்தளத்தில் இன்று 2,500-க்கும் மேற்பட்ட பாடங்கள் உள்ளன. பதிவு செய்ய வேண்டாம், கட்டணம் இல்லை, சான்றிதழும் இல்லை. பாடத்திட்டம், விரிவுரைக் குறிப்பு, பயிற்சிக் கணக்கு, பல பாடங்களில் விடையும் தேர்வுத்தாளும்கூட அங்கேயே கிடைக்கின்றன. கில்பர்ட் ஸ்ட்ராங் என்ற கணிதப் பேராசிரியர் 1962 முதல் 2023 வரை அங்கே கற்பித்தவர். அவருடைய நேரியல் இயற்கணித வகுப்புகள் 1999-ல் படமாக்கப்பட்டவை. கரும்பலகை, சுண்ணக்கட்டி, ஒரு மனிதர். வேறு அலங்காரம் ஏதுமில்லை. நம் பங்கில் கணிதம் படிக்கும் கல்லூரி மாணவி ஒருவர் அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறார்.

கலைப் பாடங்களில் நாட்டமுள்ளவர்களுக்கு யேல் பல்கலைக்கழகம் 2007 டிசம்பரில் திறந்துவிட்ட பாடங்களைச் சொல்லுவோம். எண்ணிக்கையில் குறைவு, சுமார் 40 தான். ஆனால் ஒவ்வொன்றும் முழு வகுப்பு; ஒலிப்பதிவும் உண்டு; சொன்ன சொல் முழுவதும் எழுத்துப்படியாகவும் உண்டு. பணி ஓய்வு பெற்ற நம் தலைமையாசிரியர் ஒருவர், டொனால்ட் கேகன் நடத்திய பண்டைக் கிரேக்க வரலாற்று வகுப்புகள் 24-ஐயும் எழுத்துப்படியை அச்செடுத்து வைத்துக்கொண்டு கேட்டு முடித்தார். ஸ்பார்த்தாவைப் பற்றி இப்போது அவரிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. அங்கேயே இயற்பியல் நடத்தும் இராமமூர்த்தி சங்கர் அவர்கள் சென்னை ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் படித்து 1969-ல் பட்டம் பெற்றவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு பற்றிய பாடங்களும் அத்தளத்தில் உள்ளன. மறைக்கல்வி ஆசிரியர்கள் கேட்கலாம். ஆனால் அவை வரலாற்று ஆய்வு நோக்கில் நடத்தப்பட்டவை, மறைக்கல்விப் பாடங்கள் அல்ல என்பதைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2006 முதல் ஓப்பன்லேர்ன் என்ற பெயரில் சிறுசிறு பாடங்களை இலவசமாகத் தருகிறது. படிப்பை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவர்கள் தொடங்குவதற்கு அது தோதானது. தமிழிலேயே, தமிழைப் பற்றியே படிக்க விரும்புவோருக்கு 2001-ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் இயங்கும் நிறுவனத்தின் பாடங்களும் மின்னூலகமும் இருக்கின்றன. வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சான்றிதழ் வேண்டுபவர்கள். இவர்களுக்கு நாங்கள் முதலில் காட்டுவது நம் நாட்டு என்.பி.டெல். என்ற அமைப்பைத்தான். 2003-ல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கின. பெயரில் தொழில்நுட்பம் இருந்தாலும் பொருளியல், உளவியல், ஆங்கில இலக்கியம், தத்துவம் முதலியனவும் அதில் உள்ளன. 2014 முதல் தேர்வும் சான்றிதழும் தருகிறார்கள். ஆண்டுக்கு இரண்டு பருவங்கள்: ஜனவரியில் ஒன்று, ஜூலையில் ஒன்று. பாடங்கள் 4 வாரம், 8 வாரம், 12 வாரம் என்று இருக்கும். சேர்வதற்கும் படிப்பதற்கும் காசு இல்லை. தேர்வு எழுதினால்தான் கட்டணம். நாங்கள் எழுதிய பருவங்களில் ஒரு பாடத்திற்கு 1,000 ரூபாய் வாங்கினார்கள்.

இதில் நாங்கள் அடிபட்டுக் கற்ற சில விவரங்களைச் சொல்லிவிடுகிறோம். பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. இரண்டுக்கும் தனித்தனிக் கடைசி நாள் உண்டு. முதல் பருவத்தில் எங்களில் ஒருவர் எல்லா வாரமும் ஒழுங்காகப் படித்துவிட்டு, தேர்வுப் பதிவை மறந்து, கைகட்டி நின்றார். மதிப்பெண்ணில் 25 பங்கு வாராந்திரப் பயிற்சிக்கு, 75 பங்கு தேர்வுக்கு. 12 வாரப் பாடமானால் பயிற்சிகளில் சிறந்த 8 மட்டும் கணக்கில் வரும். ஆகவே ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தாலும் மனம் தளர வேண்டாம். ஆனால் பயிற்சியில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30 என்று இரண்டிலும் குறைந்தபட்சம் எடுத்தால்தான் சான்றிதழ். தேர்வை வீட்டிலிருந்து எழுத முடியாது. நகரத்திலுள்ள தேர்வு மையத்திற்கு நேரில் போக வேண்டும். நேரில் போய் எழுதுவதால்தான் அந்தத் தாளுக்கு மதிப்பு. தேர்வு நாள் பெரும்பாலும் சனி, ஞாயிறில் வரும். ஞாயிறு வந்தால் சனி மாலைத் திருப்பலிக்கு வந்துவிடுங்கள் என்று பங்குத்தந்தை அவர்களே சொல்லியிருக்கிறார்.

கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்கள் 'ஸ்வயம்' தளத்தைப் பார்க்க வேண்டும். 2017 ஜூலை 9-ஆம் நாள், அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி அவர்கள் தொடங்கி வைத்த இத்தளத்தில் என்.பி.டெல். பாடங்களோடு கலை, வணிகவியல், ஆசிரியர் பயிற்சிப் பாடங்களும் சேர்ந்திருக்கின்றன. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை இவ்வழியில் படித்து கிரெடிட் பெற 2021-ல் மானியக் குழு விதி செய்தது. ஆனால் எந்தப் பாடத்தை ஏற்பது என்பதை உங்கள் கல்லூரிதான் முடிவு செய்யும். சேர்வதற்கு முன்பே துறைத்தலைவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். படித்து முடித்துவிட்டுப் போய்க் கேட்டால் நம் பக்கம் பேச ஆள் இருக்காது.

பட்டமே வேண்டும் என்போருக்கும் நேர்மையான வழி இல்லாமலில்லை. சென்னை ஐ.ஐ.டி. 2020 ஜூன் மாதத்தில் தரவு அறிவியலில் ஓர் இணையவழிப் பட்டப்படிப்பை அறிவித்தது. ஜே.இ.இ. தேர்வு இல்லை. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவரும், பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் முயலலாம். முதலில் நான்கு வாரப் பாடத்தைப் படித்து, அதில் தேர்வு எழுதித் தேறியவரே உள்ளே போகலாம். இடையில் நிறுத்தினாலும் அதுவரை படித்ததற்கு ஏற்பச் சான்றிதழோ டிப்ளமாவோ உண்டு. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. எளிது என்று எண்ணி யாரும் போக வேண்டாம். நுழைவது கடினமல்ல, தொடர்வது கடினம்.

வெளிநாட்டுப் பெரிய தளங்களையும் விட்டுவிடக் கூடாது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர்கள் இருவர் 2012-ல் தொடங்கிய கோர்செரா, அதே ஆண்டில் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் தொடங்கிய எட்எக்ஸ் ஆகிய இரண்டும் பெயர் பெற்றவை. இவற்றில் சான்றிதழ் இல்லாமல் கேட்க மட்டும் விரும்பினால் பல பாடங்களில் காசு வேண்டாம். ஆனால் அந்த இலவச வாசல் ஆண்டுக்கு ஆண்டு சிறுத்து வருகிறது. சிலவற்றில் முதல் பகுதியோடு நின்றுவிடும்; சிலவற்றில் குறிப்பிட்ட நாளுக்குமேல் கதவடைத்துவிடும். பெரிய எழுத்தில் பணம் கட்டும் பொத்தான் இருக்கும். இலவசம் என்பது கீழே பொடி எழுத்தில் இருக்கும். மாதச் சந்தா என்றால் வங்கி அட்டை எண்ணைக் கொடுக்குமுன் வீட்டில் ஒருவரைக் கேட்டுவிடுங்கள்.

இத்தனை தளங்களிலும் தனித்தனியே அலைய வேண்டியதில்லை. 2011-ல் தவல் ஷா என்ற மென்பொருள் பொறியாளர், அப்போது வெளிவந்த ஸ்டான்ஃபோர்டு இலவசப் பாடங்களை ஒரே பக்கத்தில் பட்டியலிட்டு வைத்தார். கிளாஸ் சென்ட்ரல் என்ற அந்தப் பட்டியல் இன்று உலகப் பாடங்களுக்கெல்லாம் ஒரு தேடுநூலகமாக வளர்ந்திருக்கிறது. பொருளைக் கொடுத்தால் எந்தப் பல்கலைக்கழகம், எத்தனை வாரம், படித்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று காட்டும். நூலகக்காரர்களாகிய எங்களுக்கு அதைக் கண்டதும் உறவினரைக் கண்டது போல் இருந்தது.

கண்டுபிடித்த பாடம் நமக்கு ஏற்றதா என்று எப்படி அறிவது? அறிமுகக் காட்சியை நம்பாதீர்கள். அதில் எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் பேசுவார்கள். முன்னதாகத் தெரிந்திருக்க வேண்டியவை என்று பாடத்தின் பக்கத்தில் ஒரு வரி இருக்கும், அதைப் படியுங்கள். பிறகு மூன்றாம் வாரத்துப் பாடம் ஒன்றைத் திறந்து பத்து நிமிடம் கேளுங்கள். பாதியாவது புரிந்தால் சேருங்கள். ஒன்றுமே புரியாவிட்டால் அதற்குக் கீழ்ப்படியில் உள்ளதைத் தேடுங்கள். விசைப்படகு இயந்திரப் பட்டறையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் எடுத்த எடுப்பில் உள்ளெரி இயந்திரப் பாடத்தில் சேர்ந்து, சமன்பாடுகளைக் கண்டு இரண்டாம் வாரமே ஓடினார். பிறகு அடிப்படை வெப்ப இயக்கவியலில் தொடங்கி, ஆறு மாதம் கழித்துப் பழைய பாடத்திற்கே திரும்பி வந்தார். டீசல் ஏன் தீப்பொறி இல்லாமல் எரிகிறது என்று கையால் தெரிந்ததை இப்போது கணக்காலும் சொல்லுகிறார்.

ஆங்கிலம் ஒரு தடை என்பதை மறுக்க மாட்டோம். என்.பி.டெல். பாடங்கள் பலவற்றின் விரிவுரைகளைத் தமிழில் மொழிபெயர்த்து எழுத்துப்படியாக வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் அந்தத் தமிழ் ஆங்கிலத்தைவிடக் கடினமாக இருக்கிறது. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் வழி பிறக்கிறது. இணைய வசதி குறைந்த வீடுகளுக்கும் எழுத்துப்படியே சிக்கனம். கைப்பேசியே இல்லாத வீட்டிற்கு 'ஸ்வயம் பிரபா' என்ற தொலைக்காட்சி அலைவரிசைகள் உள்ளன. தூர்தர்ஷனின் இலவச டிஷ்ஷிலும் அவை கிடைக்கின்றன.

இனி எங்களுடைய பெரிய தோல்வியைச் சொல்ல வேண்டும். 2022-ல் பதினொரு பேர் ஆளுக்கொரு பாடத்தில் சேர்ந்தோம். தேர்வு எழுதியவர் மூவர். வெட்கத்தோடு காரணம் தேடியபோது, உலகம் முழுவதும் இதே கதைதான் என்று தெரிந்தது. 2011-ல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர்கள் நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் சுமார் 1,60,000 பேர் சேர்ந்து, 23,000 பேர் அளவில் முடித்தார்கள். 2012-ல் எம்.ஐ.டி. நடத்திய மின்சுற்றுப் பாடத்தில் சேர்ந்தவர் ஏறத்தாழ 1,55,000, தேறியவர் 7,157. அதிலே முழு மதிப்பெண் வாங்கியவர்களில் மங்கோலியத் தலைநகரைச் சேர்ந்த 15 வயதுப் பையன் ஒருவனும் உண்டு. அவன் தனியாக உட்கார்ந்து சாதிக்கவில்லை. அவனுடைய பள்ளியிலேயே அப்பாடத்தை எடுத்து நடத்தி, கூடவே செய்முறைப் பயிற்சியும் கொடுத்திருக்கிறார்கள்.

அதைப் படித்த பிறகு முறையை மாற்றினோம். 2023 ஜூலைப் பருவத்தில் ஒன்பது பேர் ஒரே பாடத்தில், ரோப்பர் ஐ.ஐ.டி. நடத்தும் பைத்தான் கணினிப் பாடத்தில் சேர்ந்தோம். சனிக்கிழமை மாலை நூலக அறையில் சுவரில் படம் காட்டினோம். புரியாத இடத்தில் நிறுத்தி, தெரிந்தவர் தமிழில் சொல்ல, மற்றவர் கேட்டுக்கொண்டோம். சகோதரிகள் சுக்குக் காப்பி அனுப்பினார்கள். ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் வீட்டுக்குப் போய் அழைத்து வந்தார். ஒன்பதில் ஆறு பேர் தேர்வு எழுதினோம், ஐவர் தேறினோம். தேறாத அந்த ஒருவர் இக்குழுவின் தலைவர். அடுத்த பருவத்தில் மறுபடி சேர்ந்து தேறினார். தேறிய ஐவரில் ஒருவர் ஜவுளிக் கடையில் பில் போடும் பெண். மூன்று பிள்ளைகளின் தாய். பள்ளிப் படிப்புக்குப் பின் அவர் வாங்கிய முதல் சான்றிதழ் அது.

முதலில் சொன்னோமே, ஏமாந்துபோன அந்தத் தம்பி, அவரும் அந்த ஆறு பேரில் ஒருவர். அவராகக் கேட்டு வரவில்லை. நாங்கள்தான் வீட்டுக்குப் போனோம். அவருடைய தந்தை திண்ணையில் வலை பின்னிக்கொண்டிருந்தார். "இதற்கு எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று கேட்டார். படிக்கக் காசில்லை, தேர்வுக்கு ஆயிரம், அதையும் நூலகக் குழுவே கட்டும் என்றோம். நம்பாமல் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "நீங்களும் கூட உட்கார்ந்து படிப்பீர்களா?" என்றார். படிப்போம் என்றோம். மகனை உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

அடுத்த ஜனவரிப் பருவத்திற்கான சேர்க்கை தொடங்கியதும் அறிவிப்புப் பலகையில் எழுதுவோம். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்தபின் ஒரு மணி நேரம் நூலக அறை திறந்திருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் நகல், மின்னஞ்சல் முகவரி இரண்டும் போதும். மின்னஞ்சல் இல்லாதவர்களுக்கு அங்கேயே தொடங்கித் தருகிறோம். யாராவது உங்களிடம் பட்டம் தருவதாகத் துண்டறிக்கை கொடுத்தால், பணம் கட்டுமுன் அதையும் கையோடு எடுத்து வாருங்கள். பட்டியலைத் திறந்து உங்கள் கண்முன்னே பார்த்துச் சொல்கிறோம்.